ஏழாம் படி

— எனக்கே சரியா ஞாபகமில்லீங்க, ஏழாவது படியா எட்டாவதான்னு. அதப் போயி எதுக்குங்க பாட்டுல வெச்சீங்க?

— நீதான சொன்ன தரணி? கல்யாணமான புதுசுல, தூக்கம் வராம அழுதுக்கிட்டே. "எங்க தோட்டத்துக் கெணத்துல ஏழாவது படிக்கு அடியில ஒரு பொந்து"ன்னு.

— உங்ககிட்டச் சொன்னனுங்க. ஊருக்கா சொன்னேன்?

— ஏளா, நாள் பூரா பனியன் துணி வெட்டுதவன் நான். ஞாயித்துக்கெழமதான் கிட்டாரத் தொடுதேன். உறுமி, டிரம்ஸுன்னு பசங்களோட மூணு வருசமா பாடுதோம், ஒரு பய கேக்கல. உன் கெணத்தப் பாடினதும் பஸ்ஸுல எல்லாம் போடுதான். ஊர விட்டு வந்தவன் பூரா அழுதான்.

— நானும் இன்னைக்கு பஸ்ஸுல கேட்டுத்தானுங்க அழுதேன். ரெண்டு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கி நடந்து வந்தேன்.

— உங்க ஊரு பேரு கணியூருன்னு எங்கயாவது பாடிருக்கனா? கெணறு எல்லா ஊர்லயுந்தான் இருக்கு.

— அந்தப் பொந்து எல்லாக் கெணத்துலயும் இருக்குதுங்களா? அதுல கோலிகுண்டு ஒளிச்சு வெச்சது நானும் எங்கண்ணனும். எங்கம்மாளுக்குக்கூடத் தெரியாதுங்க.

— உங்கண்ணனுக்குப் பாட்டுன்னாலே ஆகாது, டிராக்டர் சத்தம் போதும்னு நீதான சொன்ன.

— சிரிக்காதீங்க. நாம ஓடி வந்த மக்யா நாளே, விடிஞ்சதும் விடியாததுமா, ரெண்டு பேரையும் வெட்டி அதே கெணத்துல போடறேன்னு எங்கண்ணன் கோயில்ல சத்தியம் பண்ணுச்சு. மறந்துட்டீங்களா?

— மறக்கல. நாலு வருசமாச்சு. கோவம் ஆறிருக்கும்.

— அது எதையும் மறக்காதுங்க. பொந்துல பச்சை எத்தனை, நீலம் எத்தனைன்னு இப்பக் கேட்டாலும் சொல்லும். பாட்ட நெட்டுல இருந்து எடுத்துருங்க.

— சரி, நாளைக்குப் பசங்ககிட்டப் பேசுதேன்.

— இப்பவே பேசுங்க. கதவ எதுக்குத் தொறந்து போட்டிருக்கீங்க?

— ஒருத்தர் வாரேன்னாரு.

— ஆருங்க?

— பொங்கலூர்ப் பக்கமாம். கோயில் நோம்பிக்கு நாங்க வந்து பாடணுமாம். பாட்டுக்குக் கீழ இருக்க நம்பரப் பாத்துக் கூப்பிட்டாரு. மரியாதையான மனுசன், வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டாரு.

— ஊட்டு அட்ரஸ் குடுத்தீங்களா?

— எப்படி வரணும்னு வழி கேட்டாரு.

— ஏனுங்க, குடுத்தீங்களா?

— குடுத்தேன்.

— வேறென்ன கேட்டாரு?

— கெணத்து வரி ஆரு சொன்னதுன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரின்னேன். பெருமையாத்தான் சொன்னேன், தரணி.

— அப்பறம்?

— அவங்களும் ஊட்டுல இருப்பாங்களான்னாரு.

— கதவச் சாத்துங்க. தாப்பாளப் போடுங்க.

— போட்டுட்டேன். அழாத. பின்னால ஜன்னல் இருக்கு, கம்பி இருக்கு… இரு. சத்தம் போடாத. மாடிப்படியில ஆரோ ஏறி வாராவ.

— நின்னுட்டாங்களா?

— நின்னுட்டாவ.

— தரணி… ஏழாவது இல்ல கண்ணு, எட்டாவது படி. கதவத் தொற.