முகம் தெரியாத படம்

என் அறையில் இருந்தது நல்ல நாற்காலி. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது.

விமான நிலையத்தில், பயணிகளின் உடலைக் காட்டும் திரைக்கு முன்னால் எனக்கு வேலை. அறைக்கு ஜன்னல் கிடையாது. திரையில் உடல் தெரியும். முகத்தை மட்டும் கலைத்திருப்பார்கள். வாசலில் நிற்பவர்களுக்கு முகம் தெரியும், படம் தெரியாது. பயணியின் அந்தரங்கம் கெடக்கூடாது என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றே இன்றும் சொல்வேன்.

"மாப்ள, உலகத்துல உனக்கு மட்டும்தான் எல்லாரும் ஒரே மூஞ்சி" என்பான், அடுத்த ஷிப்டில் என்னை மாற்றிவிட வருபவன்.

அன்று காலை என் மனைவி, "அக்கா வீட்டுக்கு பஸ்ல போயிட்டு சாயங்காலம் வந்துடுவேங்க" என்றாள். சரி என்றேன். சில வாரங்களாக அவள் போனைக் கவிழ்த்து வைப்பதைக் கவனித்திருந்தேன்.

பதினொரு மணிக்குத் திரையில் ஓர் உடல் கைகளைத் தூக்கியது. இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. சிறுவயதில் முறிந்து, சரியாகக் கூடாத கை. ஐந்து வருடம் அதற்கு மருந்து தேய்த்துவிட்டவன் நான். இடுப்பில் உள்பையில் ஏதோ இருந்தது.

"இடுப்பு, வலது பக்கம். பொருளை வாங்கி வைங்க. ஆளைத் தனி ரூம்ல உட்கார வைங்க" என்று மைக்கில் சொன்னேன். திரை அறையின் பேச்சை வாசலில் யாரும் மீற முடியாது.

என் நோக்கம் சின்னது. 'என் வீட்டுக்காரர் இங்கதான் வேலை பார்க்கிறார்' என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் சோதனை செய்யும் பெண் கூப்பிட்டாள்.

"சார், இன்ஹேலராம். அவங்களுக்கு ரொம்ப இழுக்குது. குடுத்துடட்டுமா?"

"வெடிமருந்து டெஸ்ட் முடியட்டும்."

"வீட்டுக்கு போன் பண்ணட்டுமான்னா வேணாம்னு தலையாட்டுறாங்க சார்."

அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுபடி கூப்பிட்டாள். "உதடெல்லாம் நீலமாகுது சார்." டெஸ்ட் முடியட்டும் என்றேன். மூன்றாவது அழைப்பை எடுக்கவில்லை. டாக்டர் வருவதற்குள் அவள் இறந்துவிட்டாள்.

அந்த உள்பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியுமா என்று விசாரணையில் கேட்டீர்கள். தெரியும். முந்தின நாள் மருந்துக்கடையில் வாங்கி வந்ததே நான்தான்.

அவளிடம் இருந்த காகிதத்தையும் காட்டினீர்கள். வெளியூரில் நுரையீரல் டாக்டர், மதியம் மூன்று மணி. நோய் முற்றியது தெரிந்தால் நான் பதறிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தாளாம்.

இரண்டு முறை படித்தேன். அந்த டாக்டர் ஓர் ஆண். அதை நீங்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.