தலைவெட்டி மண்டபம்

எங்கள் கூட்டத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும், ஐயா. நான் சேர்ந்ததே அதற்காகத்தான் என்று என் மனைவி கேலி செய்வாள். வெள்ளைக்காரன் விட்டுப்போன ரகசியச் சங்கம் அது. மாதம் ஒருமுறை காரைக்குடி மண்டபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் வெள்ளைத் துணி கட்டி, மனப்பாடம் செய்த இங்கிலீஷ் சத்தியங்களைச் சொல்வோம். பிறகு ஆட்டுக்கறிச் சாப்பாடு. ரகசியம் அவ்வளவுதான்.

ஊருக்கு அது போதவில்லை. வாசலில் ஒருவர் வாளோடு நிற்பதைப் பார்த்துவிட்டு 'தலைவெட்டிக் கூட்டம்' என்று பெயர் வைத்தார்கள். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வெட்டிய தலைகளை அதற்கடியில் புதைக்கிறோமாம். அந்த வாளால் வாழைக்காய்கூட நறுக்க முடியாது. ஆனாலும் நான் மறுத்ததில்லை.

புதுவயலில் எனக்கு ரைஸ் மில். அறுபத்தெட்டில் சுற்றியிருந்த மில்களில் எல்லாம் தொழிலாளர் சங்கக் கொடி ஏறியது. என் மில்லில் ஏறவில்லை. களத்தில் நெல் காயப்போடும் சோலையம்மாள் ஒருநாள் என்னிடம் ஏதோ கேட்க வந்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாந்தாயி. அவுக தலவெட்டிக் கூட்டம். நீ பிள்ளகுட்டிக்காரி."

அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறைக்க மாட்டேன்.

எங்கள் செயலாளர் மாயக்கண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். பிள்ளை பிடிப்பவர் என்று பயந்து தாய்மார்கள் அவர் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் கண்ட குழந்தை ஒன்று மருந்தில்லாமல் செத்தது. அதோடு மனம் உடைந்துபோய், ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்து ஊருக்கே காட்டப்போவதாகச் சொன்னார்.

"வேணாம்ணே. வெறுந்தரையப் பாத்துட்டா நம்மள எவன் மதிப்பான்?" என்றேன்.

"பயந்து கும்பிடுறத மதிப்புன்னு நினைக்கிறீகளா? மில் ஆளுகளையும் கூட்டிட்டு வாங்க, பாக்கட்டும்."

சனிக்கிழமை மதியம் அவர் தனியாக மண்டபத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். உதவிக்கு நானும் போனேன். வாசல் வாள் ஆகாது என்பதால் மில்லிலிருந்து அரிவாள் எடுத்துப் போயிருந்தேன். அவர் குனிந்து ஜமுக்காளம் விரிக்கும்வரை காத்திருந்தேன். உடலை மில் வண்டியில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிச் சாக்கோட்டைப் பக்கம் கண்மாய்க் கரையில் போட்டேன். நீங்கள் கண்டெடுத்தது அதைத்தான். திங்களன்று மில்லில் ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மண்டபத் தரை முழுவதையும் உடைக்கப்போவதாகச் சொன்னீர்கள், அதனால்தான் பேசுகிறேன். கிழக்கு ஓரத்தில் பூச்சு இன்னும் காயாத கறுப்புக் கல்லை மட்டும் பெயர்த்தால் போதும். மற்றவற்றைத் தொடாதீர்கள், ஆசையாகப் பதித்த தரை. ஊர் சொல்வதையும் நம்பாதீர்கள், ஐயா. அதற்கடியில் தலைகள் இருக்கின்றன என்பது வெறும் கட்டுக்கதை. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.