பன்னிரண்டாம் வீட்டுப் பூட்டு உடைந்த நேரம்

1938-ம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ந் தேதி வியாழக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தானாக ஆஜரான சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் தேவநேசன். தகப்பனார் காலஞ்சென்ற அருளப்பன். வயது அறுபத்து நான்கு. மதம் கிறிஸ்தவம். ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகும் ரோட்டில் பன்னிரண்டு வீட்டு வளவில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். பஞ்சு அரைவை ஆலையில் இருபத்தாறு வருஷம் பாய்லருக்கு நெருப்புப் போடும் வேலை பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. ஆலைச் சுவரில் எழுதியிருந்த எச்சரிக்கைகளையும் வேதப் புத்தகத்தையும் வைத்து நானே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். ஆகையால் குமாஸ்தா எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சொல்லுவேன் என்று முதலிலேயே தெரிவித்திருக்கிறேன்.

எங்கள் வளவில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. எல்லாம் ஓட்டு வீடுகள். முற்றத்தில் ஒரு கிணறு உண்டு. ரோட்டுப் பக்கம் ஒரு குறுகலான நடையும், பின்பக்கம் சந்துக்குப் போக ஒரு கதவும் உண்டு. வீட்டுக்காரர் மதுரையில் இருப்பதால் அவருடைய காரியஸ்தர் சுயம்புலிங்கம் என்பவர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார். வளவு கட்டின வருஷத்தில் தீக்கென்று ஒரு வடக்கயிறும், இரண்டு பெரிய இரும்பு வாளியும், இரும்புக் கொக்கி போட்ட நீள மூங்கில் கழியும், நான்கு மணல் டின்னும் கொடுத்தார்கள். அவை கிணற்றுத் தூணில் தொங்க வேண்டியவை. வாரத்துக்கு ஒரு வீடு முறைபோட்டு அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த முறை நடக்கவில்லை. வாளியில் சுண்ணாம்பு கலக்கினார்கள். கொக்கிக் கழியால் முருங்கைக்காய் பறித்தார்கள். மணலைப் பாத்திரம் துலக்க அள்ளினார்கள். இரண்டாம் வீட்டு முத்தாத்தாள் என்பவள், புருஷன் கொழும்புக்குப் போனவள், மில்லில் நூல் சுற்றுகிறவள், வடக்கயிற்றை எடுத்துத் தன் குழந்தைக்குத் தொட்டில் கட்டினாள். நான் போய், "ஏட்டி, தீக்கு வச்ச கயித்துலயா தொட்டில் கட்டுத?" என்று கேட்டேன். அவள், "தீ வந்தா புள்ளைய எறக்கிட்டுக் கயித்தத் தாரேன் பெரியப்பா" என்றாள். வளவே சிரித்தது. அன்றே கயிறு, வாளி, கழி எல்லாவற்றையும் என் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. யாருக்கும் சாவி கொடுக்கவில்லை.

அதன்பின் தை மாதத்தில் காரியஸ்தர் முதல் வீட்டைக் காலிசெய்து அதில் கழிவுப் பஞ்சு மூட்டைகளை உத்திரம் முட்ட அடுக்கினார். அந்த வீடு ரோட்டு நடையை ஒட்டியது. பஞ்சு களவுபோகிறது என்று சொல்லிப் பின்கதவைச் சந்துப்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டினார். நடையில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாக வெளியே போவார்கள் என்று இரண்டு தரம் எழுதிக் கொடுத்தேன். "அண்ணாச்சி, உங்களுக்குப் பாய்லர் நெனப்பு இன்னும் போகல" என்று சொல்லிக் காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டார்.

அதன்பின் 15-ந் தேதி செவ்வாய்க்கிழமை இதே விஷயமாகத் தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கக் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். என் மனைவி கிருபாபாய் மகள் பிரசவத்துக்காக மம்சாபுரம் போயிருந்ததால் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன். மனுவைக் கொடுத்துவிட்டுப் பகல் பதினொன்றரை மணி சுமாருக்கு ராஜபாளையத்தில் இறங்கினபோது மில் பக்கம் மஞ்சளாகப் புகை நின்றது. அது பஞ்சுப் புகை என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். முதல் வீட்டு ஓடுகள் படபடவென்று வெடித்துத் தெறித்துக்கொண்டிருந்தன. நடையில் நெருப்பு குறுக்கே விழுந்து யாரும் போக முடியாமல் இருந்தது. ஆண்கள் எல்லாரும் மில்லில் இருந்த நேரம். உள்ளே பெண்களும் பிள்ளைகளும் கூப்பாடு போட்டார்கள். நான் சந்து சுற்றிப் பின்கதவுக்குப் போனேன். சங்கிலி பூட்டியபடியே இருந்தது.

கயிறும் வாளியும் கழியும் உள்ளே என் வீட்டில். சாவி வெளியே என் மடியில். இதைக் குமாஸ்தா ஒரு தரம் எழுதி, பாதுகாப்புக்காகப் பூட்டப்பட்டிருந்தது என்று முடித்தார். அதை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நான் பூட்டினேன் என்றே இருக்க வேண்டும்.

சாவியைச் சுவருக்கு மேலே உள்ளே எறிந்தேன். எறிந்து கூவினேன். கூச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்தச் சமயம் உள்ளே என் வீட்டுப் பக்கம் இரும்பில் கல் மோதுகிற சத்தம் கேட்டது. அந்த நிலையிலும் நான், "எவடி என் பூட்ட ஒடைக்கது?" என்று கத்தினேன். கத்தினதை மறைக்கவில்லை. "நாந்தான் பெரியப்பா, முத்தாத்தா! பொறவு ஏசிக்கிடுங்க!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. நான்கு அடி கேட்டது. அம்மிக்குழவியால் அடித்திருக்கிறாள். ஐந்தாவது அடியில் பூட்டு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போது முதல் வீட்டுக் கூரை பாதிக்குமேல் எரிந்துவிட்டது. ஆகவே தீப்பிடித்த பிறகுதான் என் வீட்டுப் பூட்டு உடைந்தது.

அதன்பின் அவள் கொக்கிக் கழியைப் பின்கதவின் இடுக்கு வழியாக நீட்டினாள். நான் வெளியிலிருந்து கொக்கியைச் சங்கிலியில் மாட்டி, "தள்ளுட்டி!" என்றேன். அவள் உள்ளிருந்து நெம்ப, நான் இழுக்க, நாதாங்கி மரத்தோடு பெயர்ந்து வந்தது. காரியஸ்தர் போட்ட பூட்டை உடைத்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் பதினேழு பிள்ளைகள் சந்துக்கு ஓடிவந்தார்கள். முத்தாத்தாளின் இரண்டு வயதுக் குழந்தையும் அதில் இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தலையைத் தொட்டு எண்ணினேன்.

அதன்பின் புகையைக் கண்டு சந்துக்கு வந்த வண்டிக்காரர்கள் சிவனாண்டியும் முத்துவீரனும் உள்ளே வந்து வடக்கயிற்றைக் கிணற்றுச் சகடையில் போட்டு இறைத்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். ஆனாலும் பஞ்சு நெருப்பு தண்ணீருக்கு அடங்காது என்பது நான் ஆலையில் கண்டது. அடுத்த கூரையைப் பிரித்து இடைவெளி விட்டால்தான் மற்றப் பத்து வீடுகள் தப்பும். அடுத்தது முத்தாத்தாளின் வீடு. நான் கழியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். "என்னத்தப் பாக்கீய? இழுங்க!" என்று சொல்லி அவளே கழியைப் பிடித்தாள். ஓடு சரிந்தது. ஓட்டைத் தாங்கின பனங்கைகள் முறிந்து விழுந்தன. என் வயதில் இப்படி நான் கத்தினதுமில்லை, மற்றவர்கள் இப்படிச் சொன்னபடி கேட்டதுமில்லை. பகல் ஒன்றரை மணிக்கு நெருப்பு அந்த இடைவெளியில் நின்றது. பெண்கள் ஈரச் சேலையோடு அப்படியே முற்றத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள், அழுதார்கள்.

கூரை பிரித்தபோது, ஓடு விழாத மூலையில் இருந்த அவள் சமையல் இடத்தை வாசல் வழியாகப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஆனதால் அடுப்பைச் சாணமிட்டு மெழுகிக் கோலம் போட்டிருந்தாள். கோலம் கலையவில்லை. அடுப்புக்குள் சாம்பலும் இல்லை. பக்கத்தில் பழைய சோற்றுப் பானை மூடியிருந்தது. அன்று அந்த அடுப்பில் நெருப்பு மூட்டவில்லை. எப்படித் தீப்பிடித்தது என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம், அவள் திருட என் வீட்டுப் பூட்டை உடைத்தாள் என்றும், அடுப்பைக் கவனியாமல் விட்டதால் தீப்பிடித்தது என்றும் காரியஸ்தர் எழுதிக் கொடுத்ததன்பேரில் போலீசார் அவளைக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை காரியஸ்தர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, பூட்டு காலம்பறவே ஒடஞ்சு கெடந்ததுன்னு ஒரு சொல் சொல்லுங்க. பின்கதவத் தொறந்தே வைக்கேன். புதுக் கயிறு, வாளி, நீங்க கேட்ட அம்புட்டும் வாங்கித் தாரேன்" என்றார். தை மாதம் முதல் நான் கேட்டது அதுதான். "காலம்பற நான் பூட்டும்போது அது முழுசா இருந்துச்சுவே. கதவத் தொறந்து வைக்கது ஒம்ம வேல, எனக்குக் குடுக்கிற கூலி இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் எறிந்த சாவி நேற்றுக் கிணற்றடிச் சேற்றில் கிடைத்தது. அதையும் உடைந்த பூட்டையும் கோர்ட்டில் ஒப்படைக்கிறேன். எனக்கு அவை திரும்ப வேண்டாம்.

முத்தாத்தாள் சப் ஜெயிலில் இருக்கிறாள். மம்சாபுரத்திலிருந்து நேற்றுத் திரும்பின கிருபாபாய் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அது இரவெல்லாம் தூங்காததால் வடக்கயிற்றை உலர்த்தி என் வீட்டு உத்திரத்தில் நானே தொட்டில் கட்டினேன். கதவுக்கு இப்போது பூட்டு இல்லை. தீ வந்தால் பிள்ளையை இறக்கிவிட்டுக் கயிற்றைக் கொடுப்போம். தாயை இன்று சாயங்கால பஸ்ஸுக்கு முன் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை யாரும் படித்துக் காட்டவில்லை, நானே படித்தேன். அடித்துத் திருத்திய ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கண்டதையும் காதால் கேட்டதையும் நான் செய்ததையும் தவிர இதில் வேறில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) அ. தேவநேசன்