மான்சாவின் சாட்சி

முட்டை பொரிக்கும்போது மஞ்சள்கரு உடைந்தால் பலர் முகம் சுளிப்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்குள்தானே லெசித்தின் இருக்கிறது. எண்ணெயையும் தண்ணீரையும் சண்டையில்லாமல் சேர்த்துவைப்பது அதுதான். உடம்பில் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் அது உண்டு. மூளைக்கும் வேண்டும், ஈரலுக்கும் வேண்டும். சோயாவிலிருந்து எடுத்த அந்தப் பொடியைத்தான் தக்கோராடி சந்தையில் பதினோரு வருடமாக விற்கிறேன். அரபா என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. லெசித்தின் அக்கா என்று கேளுங்கள், மீன்காரிகள்கூட வழி காட்டுவார்கள்.

பக்கத்து வீட்டு மான்சாவுக்கு ரத்தக்கொதிப்பு. என் பொடியை இரண்டு மாதம் கஞ்சியில் கலந்து குடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சபையில் எழுந்து சாட்சி சொன்னாள்.

"டாக்டர் மாத்திரைய கடல்ல வீசிட்டேன். இப்ப அரபா பொடி மட்டுந்தான். மேடு ஏறினாக்கூட மூச்சு வாங்கல."

சபையே வெள்ளைக் கைக்குட்டை வீசி ஆடியது. என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. மறுநாள் கடை முன்னால் வரிசை நின்றது.

அடுத்த வாரம் அவள் வீட்டில் களி கிண்டுவதற்காக மாவு டப்பாவில் கைவிட்டேன். மருந்துப் புட்டி தட்டுப்பட்டது.

"ஏக்கா, கடல் உங்க மாவு டப்பாக்குள்ளயா இருக்கு?"

"மெதுவாப் பேசுடி. இத விட்டா பக்கவாதம் வந்து போயிருவேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சபையில சொன்னத எப்படிடி திருப்பி வாங்குறது? காறித் துப்புவாங்க."

பாவம், அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாட்சி என்பது கடவுளைப் பார்த்துச் சொல்வது. அது பொய்யானால் ஆத்துமாவின் கதி என்ன?

அந்த மாத்திரைகள் இரண்டாகக் கழற்றக்கூடியவை. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, என் பொடியை நிரப்பி மூடினேன். பாட்டுப் பாடிக்கொண்டேதான் செய்தேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். ஒரு சிட்டிகைகூட அதிகம் வைக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள், சபையில் கைக்குட்டையோடு ஆடிக்கொண்டிருந்தவள் விழுந்தாள். எழவில்லை.

வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்து செய்தேனாம். அவள் மகள் சொல்கிறாள். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. வரிசை குறைந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் நினைத்தேன். மான்சா அந்த இருபத்திரண்டு நாளும் டாக்டர் மருந்து இல்லாமல்தான் வாழ்ந்தாள், தான் சொன்னபடியே. பொய்க்காரியாகச் சாகாமல் அவளைக் காப்பாற்றியவள் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.