இடது காலுக்குக் காத்திருந்தவள்

ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற இடம் தேடுவது வாடகைக்கு வீடு தேடுவதைவிடக் கஷ்டம், சார். வீடென்றால் வாசலில் ஓர் அட்டையாவது தொங்கும்.

முதலில் போன இடத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "உங்க குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்கள். கல்யாணமே இனிமேல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னோர் இடத்தில் இடுப்புச் சதை குறைக்க வந்தவர்கள் மூச்சிரைக்கக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் கிடைத்தது. ரப்பர் நாற்றம் நம்மோடு படியேறி வரும். டீச்சருக்கு என் அம்மா வயசு. ஆனால் முதுகு இரும்புக் குழாய் மாதிரி நேராக நிற்கும்.

இதெல்லாம் அவளுக்காக. நான் கட்டிக்கொள்ளவிருந்த பெண். சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். கல்யாண வரவேற்பில் எல்லார் முன்னாலும் நாங்கள் ஜோடியாக ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்பது அவள் ஆசை. குழாய் தூக்கித் தூக்கி எனக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போயிருக்கிறது. ஆனாலும் சரி என்றேன். அவள் என்னிடம் அதிகம் எதுவும் கேட்டதில்லை.

எங்கள் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவன் நான். அதில் நின்று சுவர் பூசுகிறவர் என் அண்ணன். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர். இளவயதில், யாரோ அரைகுறையாகக் கட்டிய சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடது கால் வீணாகிவிட்டது. இனி அவர் ஏறுகிற சாரத்தை நான்தான் கட்டுவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மற்ற ஆட்கள் ஏறும் முன் குழாயைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்ப்பார்கள். அண்ணன் பார்க்க மாட்டார்.

விழுவதற்கு முன்னால் அவர் நன்றாக ஆடுவார். விசேஷ வீடுகளில் அவரை இழுத்து நடுவில் விடுவார்கள். இருந்தும் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. கால் போனவரிடம் அதைக் கேட்பது சரியில்லை என்று பட்டது.

முதல் வகுப்பிலேயே டீச்சர் சொன்னார்: "தம்பி, அது பொண்ணு, சிமெண்ட் மூட்டை இல்ல. நீங்க பிடிக்கிற பிடியப் பாத்தா தூக்கிட்டு மாடிக்குப் போயிடுவீங்க போல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தனக்கும் ஒன்றும் தெரியாது என்றுதான் டீச்சரிடம் சொல்லியிருந்தாள். ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் தானாகத் திரும்பினாள். அதைக்கூட விட்டுவிடலாம். நான் இடது காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்று, பிறகு வந்தாள்.

டீச்சர் பாட்டை நிறுத்தினார். "ஏம்மா, அவர் கால் எப்பவோ வந்துடுச்சு. நீ யாருக்காக நிக்கறே?"

"பழக்கம் இல்ல டீச்சர்," என்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பழக்கம் இல்லாதவளுக்கு அது வராது, சார். மடங்காத ஓர் இடது கால் இழுத்துக்கொண்டு வந்து சேரும்வரை பொறுத்துப் பொறுத்து, அவள் உடம்பில் அது ஊறிப்போயிருந்தது. அந்தக் கால் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் பின்னால்தான் நடந்திருக்கிறேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கேட்டார்: "என்னடா, பொண்ணு கால நசுக்கிட்டியா? பாத்துடா, கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டுப் போட வச்சிடாதே."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். பொய்யைக் கேட்டு வாங்குவானேன்?

ஐந்தாவது மாடியில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. ஏணியிலிருந்து சாரத்துக்குப் போகிறவர்கள் ஓரத்துப் பலகையைத் தாண்டி அடுத்ததில்தான் மிதிப்பார்கள். அண்ணனால் அவ்வளவு தூரம் எட்டி வைக்க முடியாது. ஓரத்தில் ஒருமுறை ஊன்றித்தான் போவார். அந்த ஒரு பலகையின் கட்டுக் கயிற்றை மட்டும் அவிழ்த்து, முனை குழாயில் பட்டும் படாமலும் இருக்கும்படி இழுத்து வைத்தேன். வேறு யாருக்கும் ஆபத்து வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயிண்டர் ஒருவர் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு அந்த வழியாகத்தான் ஏறிப்போனார். கீழே நின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவருக்குக் கால் நன்றாக இருந்தது.

பிறகு அண்ணன் கலவைச் சட்டியோடு வந்தார். "மேல பலகை போட்டாச்சாடா?"

"போட்டாச்சுண்ணே."

பொய் சொல்லவில்லை. பலகை போட்டுத்தான் இருந்தது.

விழும்போது அவர் கத்தவில்லை. ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து வைத்தது நான்தான். "தள்ளிப் போடா, மேலேருந்து பலகை விழும்," என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை.

மேஸ்திரி மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கட்டு தானாக அவிழவில்லை, யாரோ அவிழ்த்திருக்கிறார்கள் என்றார். நான் மறுக்கவில்லை. அண்ணன்மேல் எனக்கு இப்போது கோபமும் இல்லை. செய்தார், அனுபவித்துவிட்டார்.

நேற்று அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "உங்க முன்னாடி தடுமாறக் கூடாதுன்னு நான்தான் உங்க அண்ணன்கிட்ட சொல்லிக்கொடுங்கன்னு கேட்டேன். தெரிஞ்சா கேலி பண்ணுவீங்கன்னு மறைச்சேன். அத்தை பக்கத்துலயேதான் இருந்தாங்க." மாட்டிக்கொண்டவர்கள் ஒரு சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

அப்புறம் அம்மா வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான்தாண்டா கைதட்டித் தாளம் போட்டேன். கால் வலிக்குதே, உட்காருடான்னேன். 'தம்பி கல்யாணம்மா, இன்னும் ஒரு தடவ ஆடிடறேன்'னான்."

பலகையை இழுத்து வைத்தது நான்தான். அண்ணனைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அம்மா சொன்னதை இதில் சேர்க்க வேண்டாம். பெற்றதிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, சார். இது ஒன்றுதான்.