செவ்வாய்க்கிழமை வருவார்

— டேய் மொட்டை, இந்த மஞ்சள் அலாரம் ஏன்டா பதினோரு நாளா அடிக்கல?

— ஸ்பிரிங் போயிடுச்சுக்கா.

— முப்பது வருஷமா கடிகாரம் ரிப்பேர் பண்றவ காதுலயே பூ சுத்தறியா? திறந்து பாத்துட்டேன். ஸ்பிரிங் கல்லாட்டம் இருக்கு. நீதான் குமிழை அமுக்கி வாயை அடைச்சிருக்க.

— வாடிக்கையாளர் சாமான்க்கா அது.

— எந்த வாடிக்கையாளர்? சீட்டுல உன் கோழிக் கிறுக்கல்ல ‘பெரியவர், செவ்வாய்க்கிழமை வருவார்’னு எழுதி மூணு வருஷம் ஆச்சு. அந்தப் பெரியவர் இருக்காரா, போய்ச் சேந்துட்டாரா?

— சரி, என்னுதுதான். காலையில ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை. போன்ல அடிச்சா என்ன ஏதுன்னு கேப்பாங்க. கடிகாரக் கடையில அலாரம் அடிச்சா எவன் கேப்பான்? நீங்களும் அந்த நேரத்துக்குச் சொல்லி வச்சாப்ல கை கழுவப் பின்னால போயிடுவீங்க.

— என்ன மாத்திரை?

— சுகர்.

— நேத்து ரெண்டு ஜாம் பன்னை முழுங்கினது உன் ஆவியா?

— அப்போ பிரஷர்னு வச்சுக்கோங்க.

— உன்கூட வேலை பாக்கறதுல எனக்குத்தான்டா பிரஷர். நிஜத்தைச் சொல்லு.

— எச்.ஐ.வி. போதுமா? தள்ளி உக்காரணும்னா உக்காந்துக்கோங்க.

— எங்கே தள்ளறது? சுவர்க் கடிகாரம் முதுகை இடிக்குது. மாத்திரையை ஏன் நிறுத்தின?

— அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குன்னு தனி டம்ளர். அடையாளத்துக்கு நெயில் பாலிஷ்ல சிவப்புப் புள்ளி வேற. அதைப் பாத்துட்டு அண்ணன் பொண்ணு, ‘சித்தப்பாவுக்கு மட்டும் பொட்டு வச்ச டம்ளரா, எனக்கும் வேணும்’னு அழுவுது. அன்னிக்கே விட்டுட்டேன்க்கா. யாருக்காக முழுங்கணும்? தூக்கமே இல்ல. காலையில எந்திரிக்கவும் மனசில்ல.

— அந்தத் தண்ணி பாட்டிலை இப்படிக் கொடு, ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

— ஐயோ, நான் வாய் வச்சுக் குடிச்சதுக்கா!

— தெரியுது, நீ பல்லு விளக்காத வாடை வருது. வேற ஒண்ணும் வராது. டம்ளர்ல இது தொத்தாதுன்னு உங்க அண்ணிகிட்ட நானே வந்து சொல்றேன்.

— நீங்க வந்து கத்தினா அவங்க தனி வீடே பாத்துக் கொடுத்துருவாங்க.

— சிரிப்பு வருதுல்ல? கிளம்பு, கிளினிக்குக்கு. பதினோரு நாள் விட்டதை மறைக்காம சொல்லணும். தூக்கம் வராததையும் சொல்லு, அதுக்குன்னே உக்காந்து பேச அங்கே ஒரு அம்மா இருக்காங்க. கண்ணாடி போட்ட நர்ஸ் முதல்ல கிழிகிழின்னு கிழிப்பாங்க, அப்புறம் டீ வாங்கித் தருவாங்க.

— அவங்க டீ வாங்கித் தர்றது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?

— மூணு வருஷமா நான் கை கழுவப் போனேன்னா நினைச்ச? உன் பெரியவர் அலாரத்தை நம்பித்தான்டா நானும் அதே மாத்திரையை முழுங்கிட்டிருந்தேன். நீ அதோட வாயை அடைச்ச இந்தப் பதினோரு நாள்ல எனக்கு நாலு நாள் மறந்துபோச்சு. எந்திரி, ரெண்டு பேரும் சேந்தே போய்த் திட்டு வாங்கலாம்.