திரையை ஒரு சாண் மேல ஏத்து

ஹலோ… ஹலோ… அண்ணன்தான்டா பேசுறேன். படகுக்குள்ளதான் இருக்கியா? என்ன, இப்படி மூச்சு வாங்குது?… ம்… ம்… கம்பை ஊனிக்கிட்டு நீயே ஏறிட்டியா? பரவாயில்லையே!… சரி, சரி. வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?

காம்பஸ் வெச்சாச்சா… எங்க?… டேய், டேய், ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்துலயா? அதுக்குள்ள காந்தம் இருக்குடா! முள்ளு வடக்கை விட்டுட்டு மாமனார் வீட்டைப் பார்த்து நிக்கும். கழட்டி அந்தப் பக்கம் வை… ஆமா… ஆமாம்பா, இப்பவேதான்.

ஆழம் காட்டுற மெஷினு?… அடியில, பின்பக்கம்… புரொப்பல்லர் கிளப்புற நுரை படாத இடமாத்தானே?… அதானே, உனக்குத் தெரியாதா.

ஜி.பி.எஸ். திரை?… ஸ்டியரிங்குக்கு மேல… உக்காந்தா கண்ணுக்கு நேரா வருதா… அங்கதான் தப்பு. திரையை ஒரு சாண் மேல ஏத்து… உக்காந்தா தெரியாதா? யாருக்கு?… உனக்கு எதுக்குடா தெரியணும்?

ஹலோ… கேக்குதா?… நின்னு ஓட்டுறவனுக்குச் சொல்றேன். உன் அண்ணியோட தம்பி. பனைமரம் மாதிரி வளர்ந்து நிக்கிறான்ல, அவனுக்கு… இல்ல, உன் கால் சரியாகுற வரைக்கும் இல்ல. இனிமே அவன்தான்.

சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரா? டாக்டரா வந்து நங்கூரம் தூக்கப் போறாரு?… கத்தாதே… ஆமா, அன்னிக்கு நான்தான் போகச் சொன்னேன். பனிமூட்டமா இருக்குன்னு நீ சொன்னே, போடான்னு நான் சொன்னேன். பாறையில மோதிக் காலை உடைச்சுக்கச் சொன்னேனா?… ஆமா… ஆமா… நீ நூறு தடவை கேட்டே, ஒரு காம்பஸாவது வாங்கிக் குடுண்ணேன்னு. வாங்கல. இப்ப வாங்கியிருக்கேன்.

ஏன்னா, அவன் அடுத்தவங்க வீட்டுப் பிள்ளைடா! அவன் மேல ஒரு கீறல் விழுந்தா உன் அண்ணி என்னைச் சும்மா விடுவாளா? நீ நம்ம வீட்டு ஆளு. உனக்கு ஒண்ணுன்னா யாரு வந்து என் சட்டையைப் பிடிக்கப் போறா?

…அழுறியா என்ன?… சரி, அழுதுக்கிட்டே கேளு. நீ வழக்கமா போற வழியெல்லாம் அந்த ஜி.பி.எஸ்.ல ஏத்திக் குடுத்துரு. முதல்ல அந்தப் பாறையைக் குறி. தண்ணிக்குள்ள அது எங்க படுத்திருக்குன்னு உன்னைத் தவிர எவனுக்குத் தெரியும்?… ம்… என்ன கேக்குது மெஷினு?… இடத்துக்குப் பேரா?

'தம்பி'ன்னு போடு.

…விளையாடலடா. சத்தியமா. திரையில அந்தப் பேரைப் பார்த்தாலே உன் காலு ஞாபகம் வந்து பயல் ஒதுங்கிப் போயிடுவான்ல… ம், போடு. நான் லைன்லயே இருக்கேன்…

போட்டுட்டியா?… எங்க, படி பார்ப்போம்… காத்துல கேக்கலடா, கொஞ்சம் சத்தமா…

ம். சரியாத்தான் போட்டிருக்கே. வெச்சுடறேன்.